நள்ளிரவில் ஏறினால் விடியலில் அமெரிக்காவா?

கேள்வி (வாசகர், அவிநாசி): நியூஜெர்சியில் இருக்கும் மகளின் பிரசவத்திற்காக, நானும் மனைவியும் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் செல்ல எண்ணியிருக்கிறோம். ஏஜெண்ட் தந்த விவரத்தில், சிங்கப்பூரில் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானம் காலை ஆறரை மணியளவில் நியூவார்க்கில் இறங்கும் என்றிருக்கிறது. ஆறரை மணி நேரத்தில் அமெரிக்கா சென்றுவிட முடியுமா? உண்மையான தூரமும் நேரமும் எவ்வளவு?

பதில்: பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி அமைந்தவை. அமெரிக்கக் கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருப்பதால், நியூவார்க்கில் காலை ஆறரை ஆகும்போது சிங்கப்பூரில் மாலை ஆறரை ஆகியிருக்கும். ஆகவே நீங்கள் வானில் இருக்கப்போவது ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம். நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால், மார்ச் வரை இந்த வேறுபாடு 13 மணி நேரமாகிவிடும்.

சிங்கப்பூருக்கும் நியூவார்க்குக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், அந்தக் குறுகிய பாதை வடதுருவத்தை ஒட்டியே செல்வது தெரியும். ஆனால் விமானி தேடுவது குறுகிய பாதையை மட்டுமல்ல, காற்றையும்தான். நடு அட்சரேகைகளின் மேலே, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வேகமான காற்றோட்டம் முதுகில் தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பதால், போகும்போது பசிபிக் வழியாகச் செல்லும் விமானம், திரும்பும்போதும் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதுண்டு. இத்தகைய நெடும்பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தைக் கொண்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் இந்தத் தடத்தை மீண்டும் தொடங்கியது. அதில் இருப்பவை 161 இருக்கைகளே. சாதாரண எகானமி வகுப்பு அதில் கிடையாது என்பதால், கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர். அதையும் சேர்த்தால் மொத்தம் 18,500 ஆகிறது. அபுதாபி வழியாகச் சென்றாலோ, அங்கு வரை 2,800, அங்கிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வரை 11,030, ஆக 13,830 கிலோமீட்டர்தான். மிச்சமாகும் 4,700 கிலோமீட்டர் கோவைக்கும் சென்னைக்கும் இரயிலில் நாலைந்து முறை போய்வரும் தூரம். பறக்கும் நேரத்திலும் நான்கைந்து மணி குறையும். கோவைக்குச் சிங்கப்பூர் பழகிய வழி என்பதாலேயே பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் வயதான கால்களுக்குப் பதினெட்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்திருப்பது எளிதன்று, ஆகவே மேற்கு வழியையே நான் பரிந்துரைப்பேன்.

கென்னடியிலிருந்து நியூஜெர்சிக்குச் சாலை வழியே செல்ல வேண்டியிருக்கும். மகளோ மருமகனோ வந்து அழைத்துச் செல்ல முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் அமைந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு மாற்று ஏற்பாடு செய்து தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையதாகும். அபுதாபியில் இன்னொரு வசதியும் உண்டு: அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவதால், நியூயார்க்கில் இறங்கியதும் அந்த நீண்ட வரிசையில் நிற்காமல் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.