பூங்கா மூடும் மாதத்தில் விற்ற மூணாறு பேக்கேஜ்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். பிப்ரவரியில் உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றில் மூணாறு பேக்கேஜ் எடுத்தோம். 'இரவிகுளம் தேசியப் பூங்கா, இயற்கை விளக்க மையம், நுழைவுக் கட்டணம் உட்பட' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அங்கே போனால் வரையாடு குட்டி போடும் சீசன் என்று கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஒரு சாக்லேட் கடையில் இறக்கிவிட்டார். பணத்தைக் கேட்டால், 'கவர்மென்ட் மூடினா நாங்க என்ன சார் பண்றது, ரசீதுக்குப் பின்னாடி படிங்க' என்கிறார்கள். பின்னால் 'இடங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஏதாவது தேறுமா?

பதில்: தேறும், ஆனால் முழுப் பணமும் வராது. தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், மற்ற இடங்களைப் பார்த்தீர்கள், அதற்கான காசு போனதுதான்.

'கவர்மென்ட் மூடினா' என்பது மழை கொட்டி மண் சரிந்து பாதை அடைபட்டால் சொல்ல வேண்டிய பேச்சு, அப்போது டிராவல்ஸ்காரரைப் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. இரவிகுளம் அப்படி இல்லை, வருடா வருடம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரையாட்டுக்காக மூடுவது வழக்கம், 1978-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியதே பெரும்பாலும் அந்த ஆடுகளுக்காகத்தான். அதுவும் உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போகிற வண்டிகள் பூங்கா வாசலான அந்த அஞ்சாம் மைல் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிறவர் எனக்குத் தெரியாது என்றால் யார் நம்புவது? தெரிந்து விற்றிருந்தால் நேர்மையற்ற வணிக முறை, தெரியாமல் விற்றிருந்தால் சேவைக் குறைபாடு, எதுவானாலும் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். அப்புறம் அந்தப் பொடி எழுத்து. பூங்காவுக்குப் பதில் இன்னொரு பூங்காவைக் காட்டியிருந்தால் மாறுதல் என்று ஒத்துக்கொள்ளலாம், சாக்லேட் கடையில் இறக்கிவிட்டதற்குப் பெயர் கமிஷன்.

நுழைவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை விடுகிற பகுதியான ராஜமலைக்குச் சொந்த வண்டியை விடமாட்டார்கள், வனத்துறை பஸ்தான், அந்தச் செலவும் டிராவல்ஸ்காரருக்கு மிச்சமாகியிருக்கிறது. இரண்டையும், வீணான பொழுதுக்கு ஒரு நியாயமான இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். லட்சக்கணக்கில் மன உளைச்சல் என்று எழுதினால் எடுபடாது.

நோட்டீஸ், ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், டிரைவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். பதில் இல்லையா, 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், பல டிராவல்ஸ்காரர்கள் இதற்கே இறங்கி வருவார்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவேளை, 'பூங்கா திறந்ததும் சும்மாவே கூட்டிப்போறேன்' என்று அவர் சமாதானத்துக்கு வந்தால் நான் ஒத்துக்கொள்ளத்தான் சொல்வேன். ராஜமலை ரோட்டோரத்திலேயே ஆடுகள் ஆளைக் கண்டு மிரளாமல் மேயும், சீசன் முடிந்த கையோடு போனால் குட்டிகளையும் பார்க்கலாம். ஆனால் தேதி, எத்தனை பேர், டிக்கெட் யார் செலவு என்பதையெல்லாம் அவர் லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.