வாசகர் கேள்வி – பதில்: கம்பியில்லாத் திறன்வீட்டுக் கருவிகளின் பராமரிப்பு

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் பொங்கோலில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். விளக்குகளையும் கதவுச் சென்சார்களையும் ஸிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்புமுறையில் ஒரு ஹப்புடன் (எல்லாக் கருவிகளையும் இயக்கும் மையக் கருவி) இணைத்திருக்கிறோம். வரவேற்பறை பார்வைக்குச் சீராக இருக்கட்டும் என்று ஹப்பை பாம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) வைத்துவிட்டோம். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள நீர்க்கசிவுச் சென்சார் மட்டும் இரவில் தொடர்பிழந்து, காலையில் தானாகவே திரும்பிவிடுகிறது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. என் மாமியார் படுக்கப் போகும்முன் எல்லா விளக்குகளையும் சுவர் சுவிட்சில் அணைப்பதைத் தவிர, இரவில் வேறெதுவும் மாறுவதில்லை. புதிய சென்சார் வாங்க வேண்டுமா? – வாசகி, பொங்கோல்

பதில்: வாங்க வேண்டாம், சென்சாரில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ஸிக்பீ கட்டமைப்பில், நேரடி மின்சாரத்தில் இயங்கும் பல்பும் ப்ளக்கும் தத்தம் வேலையோடு, அருகிலுள்ள கருவிகளின் செய்தியை வாங்கி ஹப்பிடம் சேர்க்கும் வேலையையும் செய்கின்றன. பேட்டரியில் இயங்குபவை, சக்தியைச் சேமிப்பதற்காகப் பெரும்பாலான நேரம் உறங்குவதால், பிறர் செய்தியைச் சுமப்பதில்லை. உங்கள் சென்சார் பெரும்பாலும் சமையலறையிலோ நடைபாதையிலோ உள்ள பல்பின் வழியாகத்தான் ஹப்பை எட்டுகிறது. சுவர் சுவிட்சை அணைத்ததும் அந்தப் பல்புக்கு மின்சாரமே இல்லாமல் போவதால், விளக்குடன் வழியும் சேர்ந்து அடைபடுகிறது. உங்கள் மாமியாரின் பழக்கத்தை மாற்றச் சொல்வது முறையல்ல. வீட்டிலுள்ள மூத்தவர்கள் சுவிட்சைத் தொடவே அஞ்சும்படி அமைந்த வீட்டைத் திறன்வீடு என்று நான் கருதுவதில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு அருகில், எப்போதும் அணைக்கப்படாத ஒரு ஸிக்பீ ப்ளக்கைப் பொருத்துங்கள். சென்சாருக்கு நிலையான வழி கிடைத்துவிடும்.

அதற்கும் முன்னதாக, ஹப்பை பாம் ஷெல்டரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தடித்த கான்கிரீட்டும் கம்பிக்கட்டும் கொண்ட சுவர்கள், இரும்புக் கதவு ஆகியவற்றுக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மிகவும் நலிந்துவிடும். வீட்டின் நடுப்பகுதியில், வைஃபை ரவுட்டரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வைப்பது நல்லது. ஏனெனில் வைஃபையும் ஸிக்பீயும் அதே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அண்டை வீடுகளின் ரவுட்டர்களும் சுவருக்கு அப்பால் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளில் இது சிறிய விஷயமன்று. ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலைத் தானாகத் தேர்வு செய்ய விடாமல் 1இல் நிலைநிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, ஹப்பை ஸிக்பீ சேனல் 25இல் அமைத்தால், உங்கள் வீட்டுக்குள்ளாவது இரண்டும் மோதிக்கொள்ளா. சேனல் 26இல் சில கருவிகள் குறைந்த வலிமையில்தான் பேசும். ஆதலால் அதைத் தவிர்க்கிறேன். சேனலை மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க நேரிடும் என்பதால், அதை ஒரே முறை யோசித்துச் செய்யுங்கள்.

ஹப்பை இடம் மாற்றியதும் எல்லாக் கருவிகளையும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்கப் பலர் முற்படுகிறார்கள். அது தேவையில்லாத உழைப்பு. ஓரிரு நாள் விட்டுவைத்தால் பெரும்பாலானவை புதிய வழியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய வழியையே பிடித்துக்கொண்டிருக்கும் சென்சாரை மட்டும், ஹப்பின் அருகே கொண்டுவராமல், அது இருக்கவேண்டிய இடத்திலேயே வைத்து மீண்டும் இணையுங்கள்.

கேள்வி: அங் மோ கியோவில் பழைய வீடு எங்களுடையது. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் இசட்-வேவ் (ஸிக்பீயைப் போன்ற இன்னொரு கம்பியில்லாத் தொடர்புமுறை) சுவிட்சுகள் சில கொடுத்தார். எத்தனை முறை முயன்றும் ஹப் அவற்றைக் காணவில்லை. – வாசகர், அங் மோ கியோ

பதில்: அவற்றைப் பொருத்தாதீர்கள். இசட்-வேவ் கருவிகள் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் பேசுகின்றன: அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், சிங்கப்பூரில் ஐரோப்பாவைப்போல் 868 மெகாஹெர்ட்ஸ். அதைவிட முக்கியமாக, 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட சுவிட்சை நம் 230 வோல்ட்டில் இணைப்பது ஆபத்தானது. உள்ளூரில் புதிதாக வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டிகளில் நியூட்ரல் கம்பி, அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி, இல்லாதிருப்பது வழக்கம். நியூட்ரல் இல்லாமலே இயங்கும் சுவிட்சுகள் விற்கின்றன. ஆனால், விளக்கின் வழியே கசியும் சிறு மின்னோட்டத்தில் அவை உயிர்வாழ்வதால், பெரும்பாலானவை பிறருடைய செய்தியைக் கடத்துவதில்லை. வீடு முழுவதும் அத்தகைய சுவிட்சுகளைப் பொருத்தினாலும் கட்டமைப்பு வலுப்பெறாது. ஆங்காங்கே ப்ளக்குகள் வேண்டியிருக்கும். கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

இசட்-வேவ் கருவி ஏதேனும் பழுதானால், அதைக் கழற்றி எறிந்தால் மட்டும் போதாது. ஹப்பின் பட்டியலிலிருந்தும் முறைப்படி விலக்குங்கள். இல்லாவிட்டால், அங்கே இல்லாத கருவியைத் தேடி ஹப் நேரத்தை வீணாக்கும், மற்ற விளக்குகளும் தாமதமாக எரியும்.

கேள்வி: மேட்டர் முத்திரையுள்ள கருவிகளுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லைகள் தீருமா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தீராது. 2022இல் வெளிவந்த மேட்டர், வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள உதவுகிறது. அது பெரிய வசதிதான். ஆனால், அதைச் சுமக்கும் திரெட் என்ற கம்பியில்லாக் கட்டமைப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குவதால், அதே சுவர்களும் அதே நெரிசலும் அதற்கும் உண்டு. நன்றாக இயங்கும் கருவிகளை மாற்றாதீர்கள். அடுத்து வாங்குவதை மேட்டரில் வாங்குங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் அம்மாவைக் கவனிக்க வைஃபை கேமரா வைக்க விரும்புகிறேன். பிறர் நுழைந்து பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். – வாசகி, ஈசூன்

பதில்: தயக்கம் நியாயமானது. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 முதல் இத்தகைய கருவிகளுக்கு நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை வழங்குகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருள் மேம்பாடுகள் கிடைக்கவேண்டும் என்பவை முதல் நிலையிலேயே அடங்கும். இரண்டாம் நிலைக்குக் குறையாததைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை விருந்தினர் வைஃபையில் தனியே இணைத்து, கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தானியங்கி மேம்பாட்டை அணைக்காமல் வையுங்கள். கேமரா எங்கிருக்கிறது, எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதை அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதித்த இடத்தில் மட்டும் மாட்டுங்கள். படுக்கையறை வேண்டாம் என்று அவர் சொன்னால், அங்கே கதவுச் சென்சார் ஒன்றே போதும்.