பதில்: தூர்வாரிய குளத்தின் பயனை ரூபாய்க் கணக்கு இல்லாமல் எப்படிக் காட்டுவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் குளத்தைப் போன வருஷமே தூர்வாரிட்டீங்க, தூர்வாரறதுக்கு முந்தின நிலையை அளந்து வைக்கலை, இப்போ நிதி கொடுத்தவங்க ஆதாரம் கேக்கறாங்க. பரவாயில்லை, வழி இருக்கு.

முதல்ல கிணறு. குளத்துக்குக் கீழ்ப்புறம் நாலஞ்சு கிணறு, அதே மண்ணுள்ள, தூர்வாராத வேற குளத்துப் பக்கம் நாலஞ்சு கிணறு எடுத்துக்குங்க. கைப்பிடிச்சுவரில் பெயிண்ட் புள்ளி வெச்சு, 15 நாளுக்கொருமுறை ஒரே நாளில், விடியற்காலை மோட்டார் போடறதுக்கு முன்னாடி டேப்பில் அளங்க. மோட்டார் ஓடின பின்னாடி அளந்தா கணக்கே தப்பு. இங்கே 1.2 மீட்டர் ஏறி அங்கே 0.8 ஏறினா, உங்க பங்கு 0.4 தான்; மீதி மழை கொடுத்தது. ஆழியாற்றுத் தண்ணி வாய்க்காலில் வந்த தேதிகளையும் குறிச்சு வையுங்க. கசிவிலேயே கிணறு ஏறும், பலரும் இதைக் குளத்துக் கணக்கில் எழுதிடறாங்க.

பழைய நிலைக்கு ஊர்க்காரங்க ஞாபகத்தைக் கேளுங்க. ஆனா "தண்ணி எவ்வளவு இருந்தது"ன்னு கேக்காதீங்க, "சித்திரையில் கிணத்துல எத்தனாவது உறை (வளையம்) வரைக்கும் தெரிஞ்சது"ன்னு கேளுங்க. தண்ணி எடுத்துட்டு வர எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பெண்கள்கிட்டயே, கோடையில் கேக்கணும்.

குளத்துக்கு வர்ற பறவைக்கு மாசம் ஒருமுறை, விடிஞ்சதும் அதே இடத்தில் அரைமணி நேரம் எண்ணினா போதும்.

எல்லாத்தையும் சேர்த்து நூத்துக்கு இத்தனைன்னு மதிப்பெண் மட்டும் போட்டுடாதீங்க. மீட்டர், நிமிஷம், பறவை எண்ணிக்கை தனித்தனியா இருக்கட்டும்.