வேகமான நிரல், சனிக்கிழமை வகுப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சி மொழியில், வேகம் முக்கியமான நிரல்களை எழுதி வந்தேன். ஓய்வுபெற்றுக் குத்தாலம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். சனிக்கிழமை மாலையில் பாலிடெக்னிக் பிள்ளைகள் ஆறு பேருக்குச் சொல்லித்தருகிறேன். எட்டால் பெருக்குவதைவிட ஷிஃப்ட் (எண்ணின் பிட்டுகளை இடப்பக்கம் மூன்று இடம் நகர்த்துவது) வேகம், லூப்பைக் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) கையால் விரித்து எழுதினால் வேகம் என்று நடத்தினேன். ஒரு மாணவன் அங்கேயே இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினான். ஒரே நேரம்தான் ஆனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காலாவதியாகிவிட்டதா? எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

காலாவதியானது ஒரு பகுதிதான். அந்த மாணவன் செய்தது மிகச் சரியான காரியம். எட்டால் பெருக்குவதை ஷிஃப்டாக்குவது, மாறாத எண்ணால் வகுப்பதைப் பெருக்கலாக மாற்றுவது இவற்றையெல்லாம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் இன்றைய கம்பைலர்களான ஜிசிசியும் கிளாங்கும் தாமாகவே செய்துவிடுகின்றன. லூப்பை விரிப்பதையும் பெரும்பாலும் கம்பைலரிடமே விட்டுவிடலாம். இவற்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கம்பைலர் மாற்றித் தராது. உங்கள் அனுபவத்துக்கு இன்றும் மதிப்பு இருப்பது அங்கேதான்.

3 கிகாஹெர்ட்ஸ் புராசஸரில் ஒரு துடிப்பு (கிளாக் சைக்கிள்) என்பது நானோவினாடியில் மூன்றில் ஒரு பங்கு. புராசஸருக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான நினைவகமான எல்1 கேச்சில் இருக்கும் எண்ணை எடுக்க 4 அல்லது 5 துடிப்பு போதும். ராம் வரை போய் எடுத்துவர 80 முதல் 100 நானோவினாடி, அதாவது 300 துடிப்பு வரை ஆகும். கடைமடைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். எத்தனை ஆள் இறங்கினாலும் தண்ணீர் வந்து சேராமல் நடவு நடக்காது.

முதல் வகுப்புக்கு ஒரே ஒரு சோதனை போதும். 4096 வரிசை, 4096 பத்தி, நான்கு பைட் முழு எண்கள், மொத்தம் 64 எம்பி. எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், ஒருமுறை வரிசை வரிசையாக, ஒருமுறை பத்தி பத்தியாக. ஓட்டுவதற்கு முன்னால் எது எத்தனை மடங்கு வேகம் என்று ஆறு பேரும் தாளில் எழுதட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊகம் எழுதப்பட்டிருந்தால்தான் விடை மனதில் ஒட்டும்.

இதில் தவறக்கூடிய இடங்கள் நான்கு. அரேயை (இந்த எண்களின் அட்டவணையை) ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவித்தால் நிரல் செத்துவிடும், ஏனென்றால் லினக்ஸில் அதற்கு இடம் தரும் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பிதான். ஸ்டாட்டிக் என்று போடுங்கள், அல்லது மால்லாக் மூலம் தனியாக நினைவிடம் வாங்குங்கள். அடுத்தது, எண்களை முதலில் நிரப்பிவிட்டுத்தான் நேரத்தைத் தொடங்க வேண்டும். எழுதப்படாத நினைவகப் பக்கங்களைப் படிக்கும்போது லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டிவிடும், அளவு பொய்யாகும். கூட்டுத்தொகையைக் கடைசியில் அச்சிடாவிட்டால், யாருக்கும் தேவையில்லாத கணக்கு என்று கம்பைலர் லூப்பையே நீக்கிவிடும். நான்காவது, ஓ2 (-O2) என்ற மேம்படுத்தல் நிலையில் கம்பைல் செய்யுங்கள். ஓ3 கொடுத்தால் ஜிசிசி உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றிவிடக்கூடும், காட்ட வந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

பத்தி வழிதான் பின்தங்கும். எத்தனை மடங்கு என்பது கணினிக்குக் கணினி மாறும். காரணம் எளிது. ராமிலிருந்து வருவது ஒற்றை எண் அல்ல, 64 பைட் கொண்ட ஒரு கேச் லைன், அதில் 16 எண்கள். வரிசையாகப் போனால் பதினாறும் பயன்படும். பத்தியாகப் போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு 16,384 பைட் தாண்டிக் குதிக்கிறோம்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். பத்தி வழியை அப்படியே விட்டு, வரிசையின் அகலத்தை மட்டும் 4096-இலிருந்து 4112 ஆக்குங்கள். கூடுதல் 16 எண்களைக் கூட்டவே வேண்டாம், சும்மா கிடக்கட்டும். பெரும்பாலான கணினிகளில் நேரம் கண்கூடாகக் குறையும். 32 கேபி, எட்டு வழி எல்1 கேச்சில் 64 தொகுதிகள். 16,384 என்ற தாவல் ஒவ்வொரு முறையும் ஒரே தொகுதியில் போய் விழும், அதில் எட்டு லைனுக்குத்தான் இடம். எல்லா வயலையும் ஒரே மடையில் கட்டியது போல. அகலத்தை 64 பைட் கூட்டியதும் ஒவ்வொரு வரிசையும் அடுத்த தொகுதிக்கு நகர்ந்துவிடுகிறது, மற்ற மடைகளும் திறக்கின்றன. ‘இடத்தை வீணாக்கினால் வேகம் கூடுமா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் வகுப்பு நடந்துவிட்டது.

இரண்டாம் வகுப்புக்கு அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றையே எடுங்கள், நெல் கொள்முதல் நிலையத்துப் பதிவு. விவசாயி பெயர், ஊர், ஈரப்பதம், எடை எல்லாம் சேர்ந்து 64 பைட் ஸ்ட்ரக்ட் என்று வையுங்கள். பத்து லட்சம் பதிவுகளில் மொத்த எடை மட்டும் வேண்டும். எடைக்கு நான்கு பைட் வீதம் தேவை 40 லட்சம் பைட், ஆனால் உள்ளே வருவது 6 கோடியே 40 லட்சம் பைட். எடைகளைத் தனி அரேயாகப் பிரித்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதோடு, பெயரையும் ஊரையும் எடையையும் சேர்த்து ஒரு ரசீது அச்சிட வேண்டுமென்றால் பழைய அமைப்பே நல்லது என்பதையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எதையும் எப்போதும் பிரித்து எழுதுவது ஒரு வியாதியாகிவிடும்.

அளப்பதற்கு நிலையான கடிகாரமாக க்ளாக் மோனோடோனிக்கைப் பயன்படுத்துங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வேகம் குறையும். சித்திரை வெயிலில் காற்றாடி மட்டுமே உள்ள அறையில், சார்ஜரில் இருந்தாலும் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பன்னிரண்டு முறை ஓட்டி, முதலாவதை விட்டுவிட்டு, மிகக் குறைந்ததையும் நடுவில் வருவதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் நிரலைப் பற்றிப் பேசாமல் கணினியைக் கவனியுங்கள்.

கேச் மிஸ் (தேடியது கேச்சில் இல்லாமல் போவது) எண்ணிக்கை பார்க்க லினக்ஸில் பெர்ஃப் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸிலும் மெய்நிகர்க் கணினிகளிலும் அந்த எண்கள் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே கேச்சைப் பாவனை செய்து எண்ணும் கருவியான வால்கிரைண்டின் கேச்கிரைண்ட் போதும். நிரல் பல மடங்கு மெதுவாகும், ஆனால் பழைய கணினியிலும் வேலை செய்யும். 3.21 பதிப்பிலிருந்து கேச் கணக்கைத் தனியாகக் கேட்டு இயக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

த்ரெட் (வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது) பற்றி இப்போதைக்கு வேண்டாம். மொத்த நேரத்தில் 20 சதவீதம் எடுக்கும் பகுதியைச் சுத்தமாக ஒழித்தாலும் நிரல் 1.25 மடங்குக்கு மேல் வேகமாகாது, இந்தக் கணக்கு விரல்நுனியில் வந்தபின் பார்க்கலாம்.

இன்னொன்று, வேலை பார்த்த இடத்து நிரலிலிருந்து ஒரு வரியும் வகுப்புக்கு வரக்கூடாது. ரகசிய ஒப்பந்தம் ஓய்வோடு முடிந்துவிடுவதில்லை. மேலே சொன்னவை எல்லாம் பொதுவில் உள்ள அறிவுதான், அதுவே ஒரு வருடத்துக்குப் போதும்.

வரும் சனிக்கிழமை அந்த மாணவனையே தொடங்கச் சொல்லுங்கள். பெருக்கல், ஷிஃப்ட் இரண்டுக்கும் கம்பைலர் தந்த அசெம்பிளியை (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தை) அவன் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மற்ற ஐவருக்கும் வாசித்துக் காட்டட்டும். பிறகு 4096-ஐ எடுங்கள்.