கிரின்னெலின் காகிதங்களை எங்கே தேடுவது?

கேள்வி: அமெரிக்க அடிமைமுறை ஒழிப்பு இயக்கம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். அயோவா மாநிலத்தில் தன் பெயரிலேயே ஊர் அமைத்து, பிறகு அரசியலுக்கு வந்த பாதிரியார் ஜோசியா புஷ்நெல் கிரின்னெலின் தன்வரலாறு மின்வடிவில் கிடைத்தது. அதை மட்டும் நம்பி எழுதலாமா? மற்ற ஆவணங்களை இங்கிருந்தே பார்க்க முடியுமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நூல் வந்தது 1891இல். அதே ஆண்டு மார்ச்சில் 69 வயதில் அவர் இறந்தார். நாற்பதாண்டு நிகழ்வுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியது. ‘இளைஞனே, மேற்கே போ’ என்று பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலி தன்னிடம்தான் சொன்னதாக அவர் சொல்லிவந்தார். அந்த வாசகத்தின் பிறப்பைப் பற்றி இன்னும் சர்ச்சை ஓயவில்லை. ஆய்வேட்டில் ‘கிரின்னெலின் கூற்றுப்படி’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

முதலில் ஒரு அட்டையில் காலவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: 1821 பிறப்பு, 1847 ஆபர்ன் இறையியல் கல்லூரிப் படிப்பு முடிவு, 1854 ஊர் அமைத்தது, 1856 முதல் 1860 வரை மாநில மேலவை, 1863 முதல் 1867 வரை காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை. தேதியில்லாத கடிதம் கையில் சிக்கினால் இந்த அட்டைதான் கைகொடுக்கும்.

கடிதத் தேடலில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். எனவே அவர் பெயரில் உள்ள தொகுப்போடு நிற்காமல், அவரோடு பழகியவர்களின் தொகுப்புகளிலும் தேடுங்கள். காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இன்னொரு உதாரணம்: அடிமைமுறையை ஆயுதமேந்தி எதிர்த்த ஜான் பிரவுன், 1859 பிப்ரவரியில் மிசூரியிலிருந்து மீட்ட அடிமைகளோடு கிரின்னெல் ஊரில் தங்கினார். அங்கே கிடைத்த வரவேற்பை, சில நாளிலேயே அவரே பட்டியலாக எழுதிவைத்தார்: ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் இரண்டு நாள் காசில்லாத தங்கல், மீட்கப்பட்டவர்களுக்கு உடுப்பு, வழிப்பயணத்துக்கு ரொட்டி, இறைச்சி, கேக். அதே நிகழ்வைக் கிரின்னெல் தன் நூலில் எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயமே அதில் கிடைக்கும்.

காங்கிரஸ் காலத்துக்கு ‘காங்கிரஷனல் குளோப்’ விவாதத் தொகுதிகள் போதும். 1873 வரையானவை காங்கிரஸ் நூலகத் தளத்தில் உள்ளன. 1866 ஜூன் 14 அன்று கென்டக்கி உறுப்பினர் லவல் ரூசோ, நாடாளுமன்றக் கட்டடத்தின் வாசல் மண்டபத்தில் கிரின்னெலைப் பிரம்பால் அடித்தார். அடிக்குக் காரணமான வாக்குவாதம் அதற்கு முந்தைய சில நாள் பக்கங்களில் இருக்கிறது. பின்னர் அவை ரூசோவைக் கண்டித்த நடவடிக்கையும் அதே தொகுதியில்தான். ஒரு எச்சரிக்கை: பின்னிணைப்பில் வரும் உரைகளை உறுப்பினர்கள் திருத்திக் கொடுப்பதுண்டு. அவையில் பேசியபடியே அச்சாகியிருக்கிறது என்று கொள்ள வேண்டாம்.

ஊர் எப்படி உருவானது என்பதை நிலப் பத்திரம்தான் சொல்லும். கிரின்னெல் ஊர் இருக்கும் போவஷீக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) தலைநகர் மான்டெசூமா. அங்குள்ள பதிவாளர் அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் என இரண்டு அட்டவணைகள் இருக்கும். கிரின்னெல் மனை விற்றவர் என்பதால் முதல் அட்டவணையில் பாருங்கள். புத்தக எண், பக்க எண் இரண்டையும் குறித்துக்கொண்டு நகல் கேளுங்கள். பத்திரத்தை முழுக்கப் படிக்க வேண்டும். அந்த மனையில் மது விற்றால் மனை பறிபோகும் என்ற நிபந்தனை எல்லை விவரங்களுக்கு நடுவே புதைந்திருக்கும். அரசிடமிருந்து வாங்கிய நிலத்துக்குப் பட்டாவில் உள்ள தேதி, பணம் கட்டிய தேதிக்குப் பல மாதம் பிந்தியிருப்பது வழக்கம். அதை வைத்து ஊரின் வயதைக் கணக்கிட்டால் தப்பாகும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. மாசசூசெட்ஸின் ஜோசப் கிரின்னெல், நியூயார்க்கின் மோசஸ் கிரின்னெல் இருவரும் இவருக்கு முன்பே காங்கிரசில் இருந்தவர்கள். 1850க்கு முந்தைய நாடாளுமன்றக் கடிதத்தில் ‘ஜே. கிரின்னெல்’ என்றிருந்தால் அது நம்மவர் அல்ல.

கடிதங்களில் நாளுக்குப் பின் ‘இன்ஸ்ட்.’ என்றிருந்தால் இந்த மாதம், ‘அல்ட்.’ என்றால் போன மாதம். மார்ச் 5 தேதியிட்ட கடிதத்தில் ‘28 அல்ட்.’ என்பது பிப்ரவரி 28.

1882 ஜூனில் வீசிய சூறாவளியில் அந்த ஊரிலுள்ள கிரின்னெல் கல்லூரியின் கட்டடங்கள் இடிந்தன. அதற்கு முந்தைய கல்லூரிக் காகிதங்களில் இடைவெளி இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். கிரின்னெல் கல்லூரி ஆவணக்காப்பகத்துக்கு எழுதும்போது ‘எல்லாம் அனுப்புங்கள்’ என்று கேட்காதீர்கள். முதலில் தொகுப்பின் விவரப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பெட்டி எண், கோப்பு எண், ஆண்டு குறிப்பிட்டு, ஒரு தடவைக்கு நாலைந்து கோப்புகளுக்கு மட்டும் நகல் கேளுங்கள்.