விட்ட இடம்

அன்புள்ள ஐயா,
தர்மபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஊர் பென்னாகரம் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. சார் ஆங்கிலத்தில் வேகமாகப் போகிறார். நான் ஒரு வரி எழுதுவதற்குள் மூன்று வரி தாண்டிவிடுகிறார். என் நோட்டு பாதி காலி. தோழியின் நோட்டை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். வகுப்பை போனில் பதிவு செய்யலாமா? லேப்டாப்பில் அடிப்பது நல்லதா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தங்கைக்கு,
பதிவு செய்வதென்றால் சாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லேப்டாப்பில் அடிப்பவர்கள் சொன்னதை அப்படியே அடிக்கிறார்கள், கருத்தைக் கேட்டால் திணறுகிறார்கள் என்று 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். திரும்பச் சோதித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. உங்கள் வசதிப்படி செய்யுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது 'பாதி காலி' என்ற சொல்தான். போன வாரம் பரணை ஒழித்தபோது என் கல்லூரி நோட்டு ஒன்று கிடைத்தது. கிருஷ்ணகிரியில் விடுதியில் இருந்த காலம். "என்ட்ரோபி எப்போதும் கூடும், ஏனென்றால்" என்று எழுதிவிட்டு மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன். (என்ட்ரோபி என்றால், தோராயமாக, ஒழுங்கின்மையின் அளவு.) அந்த இடத்தில் பச்சை மையில் வேறு கையெழுத்து: "எப்போதும் இல்லை. வெளியோடு எதையும் பரிமாறாத தனித்த அமைப்பில்தான் குறையாது. தண்ணீர் ஐஸ் ஆகும்போது அதற்குக் குறைகிறதே?"

தேன்கனிக்கோட்டைப் பையன் எழுதியது. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். வகுப்பில் பாதி நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இரவு சாப்பாடு முடிந்ததும் நான்கு பேரும் பாயில் நோட்டுகளை விரிப்போம். ஒவ்வொருவனும் விட்ட இடம் வேறு வேறாக இருக்கும். நான் விட்டது அவனிடம், அவன் விட்டது என்னிடம். சண்டை போட்டுத்தான் நிரப்புவோம். அன்று நான் இடம் விடாமல் எதையாவது கிறுக்கி நிரப்பியிருந்தால் அந்தப் பச்சை வரிக்கு இடமே இருந்திருக்காது.

அதனால்தான் நீங்கள் போட்டோ வாங்குவதைப் படித்ததும் கோபம் வந்தது. அதில் ஒன்றையாவது திரும்பத் திறந்தீர்களா? தோழி புரிந்து எழுதியது எது, கை போன போக்கில் எழுதியது எது என்று போட்டோவில் தெரியுமா? உங்களுக்குப் புரியாத இடம் எதுவென்று உங்கள் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். அதைப் போய் வெட்கப்பட்டு மூடி வைக்கிறீர்களே!

சார் வேகமாகப் போனால் தாராளமாக இடம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். சாயங்காலம் பஸ்ஸில் தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்து, வழியில் இண்டூர் வருவதற்குள் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவருமே விட்ட இடம் இருந்தால் அதை மறுநாள் சாரிடம் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தயங்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்