காது ஆராய்ச்சியில் செம்மறி ஆடு: கேள்வி பதில்

காது அறுவைசிகிச்சை பழகும் இளம் மருத்துவர்களுக்கு ஆட்டுத் தலையை வைத்துப் பயிற்சி கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சுண்டெலியும் கினிப்பன்றியும் இருக்கும்போது ஆடு எதற்கு டாக்டர்? (கல்லூரி மாணவி)

மரபணு ஆராய்ச்சி என்றால் சுண்டெலிதான் சிறந்தது அம்மா, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுண்டெலிக்குச் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகக் கேட்காது. நம் பேச்சின் ஒலி ஆற்றலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. செம்மறிக்கோ ஏறத்தாழ 125 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்கும். அதன் நடுக்காது எலும்புகளும் நம்முடையதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு இருப்பதால், மனிதருக்குப் பயன்படுத்தும் கருவிகளையே அதிலும் பயன்படுத்தலாம்.

மனித டெம்போரல் எலும்பு (காது அடங்கிய மண்டையோட்டு எலும்பு) கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. ஆட்டுத் தலையில் எதுவரை பழகலாம்? (இ.என்.டி. முதுநிலை மாணவர்)

செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவது, அங்கவடி எலும்பு (நடுக்காதின் மிகச் சிறிய எலும்பு) அறுவைசிகிச்சை, எண்டோஸ்கோப் பிடிக்கப் பழகுவது, இவை மூன்றுக்கும் அருமையானது. அன்றைக்கு வெட்டிய தலையைக் கறிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டடை என்ற நடுக்காது எலும்பும் அங்கவடியும் சேரும் மூட்டைப் பிரிக்கும்போது கை எவ்வளவு லேசாக இருக்கவேண்டும் என்பது அங்கே புரிந்துவிடும். ஆனால் தம்பி, காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைத் துளையிடுவதை மட்டும் இதில் பழகாதீர்கள். நமக்கு அந்த எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள் ஆட்டுக்குக் கிடையாது. கை தப்பாகப் பழகிவிடும்.

எனக்கு இது ஏழாம் மாதம். நாங்கள் பேசுவது பாப்பாவுக்குக் கேட்குமா? ஆட்டை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே?

கேட்கும் அம்மா. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சியும் இதுதான். சுண்டெலிக் குட்டி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அதற்குக் காது கேட்கத் தொடங்கும். ஆட்டுக்குட்டிக்கு நம் குழந்தையைப் போலவே கருவிலேயே காது வேலை செய்யும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஆடு பொருத்தம்.

1980இல் இங்கிலாந்தில் சினை ஆட்டின் பனிக்குடத்துக்குள்ளேயே ஹைட்ரோபோன் (நீருக்குள் ஒலியைப் பதியும் மைக்) வைத்துப் பதிவு செய்தார்கள். தாய் தின்பது, குடிப்பது, அசைபோடுவது, வெளியே ஆட்கள் பேசுவது எல்லாம் உள்ளே கேட்டது. அப்புறம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட், ஏப்ரம்ஸ் குழுவினர் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்தார்கள். கனத்த ஒலி, அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, அதிகம் குறையாமல் உள்ளே போகிறது, கீச்சொலிதான் மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். கருப்பைக்குள் பதிவான பேச்சைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ஆண் குரலில் சராசரியாக 55 சதவீதமும் பெண் குரலில் 34 சதவீதமும் புரிந்தன. 1994இல் வெளியான முடிவு இது.

இன்னொன்று: கருவில் இருக்கும் குட்டிக்கு ஒலி காதுத் துவாரம் வழியாகப் போவதைவிட மண்டையோட்டு எலும்பு வழியாகத்தான் உள்காதுக்குப் போகிறது. தலையை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்தும் சோதித்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். இவ்வளவும் வெளியிலிருந்து வரும் ஒலியின் கணக்கு. உங்கள் குரல் உங்கள் உடல் வழியாகவே போகிறது. அதனால் தாராளமாகப் பேசுங்கள். வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டுப் போடுவது மட்டும் வேண்டாம். கனத்த ஒலி உள்ளே குறையாமல் போகும் என்பதை மறக்காதீர்கள்.

என் மகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உள்காதில் வைக்கும் மின்கருவி) வைத்திருக்கிறோம். அதையும் ஆட்டில்தான் சோதித்தார்களா?

இல்லை சார். மெல்போர்னில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் ஆரம்பத்தில் பூனைகளில்தான் ஆராய்ந்தார், 1978இல் மனிதருக்குப் பொருத்தினார். ஆடு வந்தது பின்னால். அந்தக் கருவியின் மின்முனைக் கம்பியை உள்காதுக்குள் செருகும்போது மிச்சமிருக்கும் கேட்கும் திறன் எவ்வளவு கெடுகிறது என்று பார்க்க, அயோவா பல்கலைக்கழகத்தார் உயிருள்ள செம்மறிகளில் முன்னோட்ட ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஆட்டின் காக்ளியா (உள்காதின் நத்தைச்சுருள்) நம்முடையதைவிடச் சிறியது. அதனால் அந்த ஆய்வு முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

நான் ஆடு வளர்ப்பவன். ஆட்டை வதைக்காமல் அதற்குக் கேட்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

நியாயமான கேள்வி அண்ணா. குழந்தைகளுக்குச் செய்யும் அதே பெரா டெஸ்ட்தான் (ஒலி கொடுத்துக் கேட்கும் நரம்பின் மின்னலைகளைப் பதிவு செய்வது). முந்தைய நாளே தீவனத்தை நிறுத்திவிடவேண்டும். இல்லையென்றால் மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி, தலையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசிகள் வைப்போம். காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்தால், நரம்பு கேட்கிறது என்பதற்கான அலைகள் 10 மில்லிவிநாடிக்குள் திரையில் வந்துவிடும்.